மான்விழி என்று எழுதித் திரிந்த காலம்

ஈரச் சாக்கு, பழுத்த முட்டைக்கோவா இலை, மேலால் வரும் கடற்காற்று... விடிகிற நேரத்துச் சந்தைக்கென்று ஒரு மணம் உண்டு. திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மணத்துக்கு எங்களுக்கு முதலே வந்து நிற்பவை மான்கள்.

வெளியூர் நண்பர்கள் நம்பமாட்டீர்கள். எங்கள் ஊர் மான் காட்டில் இல்லை. கோட்டைப் பக்கமிருந்து இறங்கி, பஸ் நிலையத்தைக் கடந்து, தார் ரோட்டில் டக் டக் என்று நடந்து மரக்கறி வாங்க வருகிற ஆள் மாதிரி வரும்...

அப்போது எனக்கென்று இருந்தது சந்தை ஓரத்தில் ஒரு சாக்கு விரிக்கிற இடம் மட்டும். அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் மரக்கறி கட்டிக்கொண்டு வருவேன். மான் கோவாவில் வாய் வைத்தால் அன்றைய வியாபாரம் போச்சு. அதனால் பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் கல்லு வைத்திருப்பேன்.

பின்னேரத்தில் வேறு தொழில். கலியாணங்களுக்கு வாழ்த்துப்பா எழுதிக் கொடுப்பது. எங்கள் பக்கத்தில் அதை அச்சடித்து, கண்ணாடி போட்டு, மணவறைக்கு முன்னால் வாசித்துக் கையளிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் கொஞ்சம் ஓடும். அதனால் ஆட்கள் தேடி வந்தார்கள். பொம்பிளை யாராக இருந்தாலும் நான் எழுதுவது ஒன்றுதான்.

மருளும் மான்விழியாள்...
மலரினும் மென்மொழியாள்...

பக்கத்துக் கடை ரஷீத் நானா, கிண்ணியா ஆள். என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"காலையில மானுக்குக் கல்லு, பின்னேரம் மானுக்குக் கவி. நீ நல்லா வருவாய் தம்பி."

நன்றாகத்தான் வந்தேன். அது வேறு கதை.

எதிர்ப்பக்கம் வசந்தி. தாயோடு இருந்து பூ விற்பாள். மிஞ்சுகிற வாழையிலையைக் கிழித்து மானுக்குக் கையால் ஊட்டுவாள். அவளை எனக்குப் பிடிக்கும். வீட்டில் சொல்லிப் பெண் கேட்டு ஆள் அனுப்ப முதல் அவள் மனதை அறிய வேண்டும் என்று ஒரு கவிதை எழுதினேன். முழுக்க அவள் கண்ணைப் பற்றி. வரிக்கு வரி மான். பூ வாங்குகிற சாட்டில் போய்க் கொடுத்தேன்.

நின்ற இடத்திலேயே வாசித்தாள். சிரிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

"நாளைக்குச் சொல்லுறன்," என்றாள்.

அந்த நாட்களில் நான் ஒரு கெட்டித்தனம் செய்து பெயர் வாங்கியிருந்தேன். கழித்த இலைகளை மான்கள் இழுத்துக் கடைக்கு முன்னால் பரப்பினால் நகரசபை ஆட்கள் ஏசுவார்கள். ஆகவே எல்லாவற்றையும் பிளாஸ்டிக் சொப்பின் பையில் அமத்தி, வாயை இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு வாய்க்கால் ஓரத்தில் வைத்துவிடுவேன். இலை சிந்தாது, ஏச்சும் இல்லை. சந்தையே பாராட்டியது.

இலை மணம் பைக்கு வெளியேயும் வரும் என்று நான் யோசிக்கவில்லை.

கவிதை கொடுத்த மறுநாள் விடிய நான் போனபோது வாய்க்கால் ஓரத்தில் ஒரு மான் விழுந்து கிடந்தது. வாயில் பை. பாதி உள்ளே, பாதி வெளியே. மூச்சு இழுக்கிற சத்தம் ரோட்டுக்கே கேட்டது... வசந்தி அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தாள்.

"ஓடி வந்து காலைப் பிடியுங்கோ."

என்னைத்தான் கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. உதைக்கும் என்று பயம். அவ்வளவு எழுதியும் ஒரு மானை நான் தொட்டதில்லை.

ரஷீத் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மானின் காலை முழங்காலால் அமத்தி, வாய்க்குள் கையை விட்டு மெல்ல மெல்ல இழுத்தார். பை வந்தது. அடி கிழிந்திருந்தது, முடிச்சு மட்டும் அவிழாமல் அப்படியே இருந்தது.

சுற்றி நின்ற எல்லாருக்கும் அது யார் கட்டியது என்று தெரியும். ஒருத்தரும் ஏசவில்லை. நானா மட்டும் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்காய்," என்றார்.

வசந்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணைப் பற்றி எவ்வளவு எழுதினீங்கள். இப்ப வந்து பாருங்கோ."

குனிந்து பார்த்தேன். ஓரத்தில் பீளை. அதில் ஓர் ஈ. கண்மணி வட்டமாக இருக்கவில்லை, குறுக்காக நீண்டு கிடந்தது. எத்தனை கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்... மான் கண் அப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரியும்.

மான் எழும்பித் தள்ளாடிப் போனது. பிழைத்ததா தெரியாது. தேடிப் போகவும் இல்லை. வசந்தியிடம் பதில் கேட்க எனக்கு முகம் இல்லை. அவளும் சொல்லவில்லை. பிறகு வெருகல் பக்கம் கலியாணம் முடித்துப் போனதாகக் கேள்வி. நான் வாழ்த்துப்பா எழுதுவதை விட்டேன்.

இப்போது மொத்த வியாபாரம். லொறி ஓடுகிறது. போன மாதம் மகளுக்குக் கலியாணம், பெரிய மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்து வாழ்த்துப்பா வாசித்தார்.

மண்டபத்தின் பக்கக் கதவு திறந்திருந்தது. வெளியே எங்கள் சாப்பாட்டுக் கழிவு, குழம்பு ஒட்டின பிளாஸ்டிக் லஞ்ச் சீற் குவியலாகக் கிடந்தது. அதற்குள் இரண்டு மான்கள் முகத்தை விட்டு, சீற்றோடு சேர்த்து மென்றுகொண்டு நின்றன. பிள்ளைகள் போனில் படம் எடுத்தார்கள்.

எழும்பிப் போக நாலு எட்டுத்தான். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, சபை முழுக்க ஆட்கள்...

"என்ன அண்ணை, அங்கால பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்?" என்று பக்கத்துக் கதிரையிலிருந்த சம்பந்தி கேட்டார்.

"ஒண்டுமில்லை," என்றேன்.

அப்போது உதைக்கும் என்ற பயமாவது இருந்தது. இப்போது அந்தச் சாட்டும் இல்லை. மைக்கில் என் மகளை மான்விழியாள் என்றார்கள். சபை கைதட்டியது.

நானும் தட்டினேன்.