அம்மா சொன்ன பெயர்

‘பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன’ என்று எந்தப் புத்தகத்திலாவது பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருடைய நன்மைக்காக மாற்றினீர்கள் என்று சட்டையைப் பிடித்துக் கேட்கத் தோன்றும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். பல்கலைக்கழகத்தில் வேலை, நம் தமிழர்தான். தோட்டத்து மக்களின் வாழ்க்கைக் கதைகளைச் சேகரிக்கிறாராம். லயத்து வரிசையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். ‘நல்லாத்தான் இருக்கோம்’ என்பதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. குடியிருக்கும் வீடு தோட்டத்தினுடையது. எதையாவது சொல்லிவைத்தால் சட்டி பானை தெருவுக்கு வந்துவிடும்.

அம்மா மட்டும் பாயைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். பக்கத்து வீட்டு அத்தை வேண்டாம் என்று கண்ணைக் காட்டியும் அவள் கேட்கவில்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். தம்பியைப் பற்றிய பேச்சு நடக்கும் இடத்தில் அவர் நிற்கமாட்டார்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பிக்குக் காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டது. கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லோரியைக் கேட்டு அப்பா ஆபீஸ் வாசலில் நின்றார். ‘ரப்பர் பால் ஏத்துற லோரி, புள்ள தூக்கவா?’ என்று கேட்டான் ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் கிராணி. அப்பா சைக்கிளை மிதித்தார். பின்னால் அம்மா, அவள் மடியில் தம்பி. புக்கிட் ரோத்தான் கடைத்தெருவைத் தாண்டும்போதே அவன் போய்விட்டான். துரைக்கு மனு எழுதலாம் என்றால், தோட்டத்தில் மனு எழுதிக் கொடுப்பவனும் அந்தக் கிராணிதான்.

அதனால்தான் டேப் ரெக்கார்டரைக் கண்டதும் அம்மா விடவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வது போலக் குனிந்து, தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். பிறகு கிராணியின் பெயரை, அவன் அப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னாள்.

“பேரு விழுந்துச்சா தம்பி?” என்று அவரைக் கேட்டாள்.

“விழுந்துச்சும்மா.”

“எழுதறப்ப அந்தப் பேர விட்றாதீங்க. அதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் தலையாட்டினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவருடைய கார் தோட்டத்து கேட்டைத் தாண்டுவதற்குள் ஆபீசுக்குச் சேதி போய்விட்டது. மறுநாள் விடியற்காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பும்போது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அம்மாவை மேட்டுக் காட்டு மரங்களுக்கு மாற்றினார். பால் வாளிகளோடு அந்த வழுக்கு மேட்டில் ஏறி இறங்கி அவள் முழங்கால் வீங்கிப்போனது. ஏன் மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

புத்தகம் வந்தபோது நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவரே தபாலில் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். மலாய்ப் புத்தகம். லீவில் வீட்டுக்கு வந்த நான் அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பால் மரம் வெட்டும் பெண்ணுக்கு ஏதோ ஒரு பெயர். சைக்கிளில் செத்த பிள்ளைக்கும் ஏதோ ஒரு பெயர். லோரி தராதவன் மட்டும் ‘நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர்’.

“யாரு கதைடி இது?”

“உன் கதைதாம்மா. பேர மாத்திட்டாரு.”

 “அந்தப் பேர்ல எனக்குப் புள்ள பொறக்கலியே,” என்றாள். பிறகு, “கிராணி பேராவது இருக்கா?” என்றாள்.

“இல்லம்மா.”

அடுத்த வாரமே பஸ் பிடித்துக் கோலாலம்பூரில் அவர் அறைக்குப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

“உங்க அம்மாவைப் பாதுகாக்கத்தான் மாத்தினோம். யாரு சொன்னாங்கன்னு வெளிய தெரியக் கூடாது இல்லையா?”

யாருக்குத் தெரியக் கூடாது? இவர் புத்தகத்தைப் படிக்கிற பேராசிரியர்களுக்குத்தான் தெரியாது. எங்கள் தோட்டத்தில் கோழிக்குஞ்சுக்கும் தெரியும். அம்மா அடி வாங்கியாகிவிட்டது. இவருடைய பாதுகாப்பு முழுக்கக் கிராணிக்குப் போய்ச் சேர்ந்தது. அதைச் சொன்னேன். முழங்காலைச் சொன்னேன். அந்தப் பெயரில் பிள்ளை பிறக்கலியே என்று அம்மா கேட்டதையும் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

“இதுவே ரொம்ப நல்ல டேட்டா லா,” என்றார். “அம்மா சொன்னத இன்னொரு வாட்டி சொல்றீங்களா?” மேசைமேல் இருந்த ரெக்கார்டரின் பட்டனை அழுத்தினார்.

நான் குனிந்தேன். தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். கிராணியின் பெயரை, அவன் அப்பன் பெயரோடு சொன்னேன். எழுந்து வந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்திலும் கிராணியின் பெயரை எழுதித்தான் கொடுத்தேன். வழக்கு வரும் என்று பதிப்பாளர் அடித்துவிட்டார். தம்பியின் பெயரை வைத்துக் கிராணியைக் கண்டுபிடித்துவிடலாமாம். அதையும் அடித்துவிட்டார்.