தீவு முழுக்க மயில் பச்சை

என் சித்தி மகள் நிரஞ்சனா தன் வீட்டுச் சாவியை ஒரு நாளும் ஒழுங்காகத் தேடி எடுத்ததில்லை. ஆனால் ஊரார் இணையத்தில் அலையாமல் தேட வழி செய்து கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. எங்கள் தீவின் சிராங்கூன் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அழகேசன் தன் வெப்சைட்டை அவளிடம் ஒப்படைத்திருந்தார்.

"தீபாவளிக்குள்ள ஆன்லைன் வியாபாரம் சூடு பிடிக்கலன்னா சைட்ட மூடிடுவேன்மா. உன் வேலையும் அவ்ளோதான் லா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார் மனுஷர்.

வெப்சைட் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஓட்டாமல் என்ன செய்யும்? தீபாவளிக்கு வீடு முழுக்க ஒரே நிறத்தில் உடுத்துகிற ஊர் இது. வெப்சைட்டிலோ சேலை தனி, ஜிப்பா தனி. சேலைக்குப் பொருத்தமாக ஜிப்பா தேடப் போனால் சேலை மறைந்துவிடும். எதுவும் கிடைக்கவில்லை என்று கையை விரிக்கும்.

நிரஞ்சனா எல்லாவற்றையும் தலைகீழாக்கினாள். முதலில் நிறம், அப்புறம் வீட்டில் யார் யார். அப்பா, அம்மா, கைக்குழந்தை என்று தட்டத் தட்ட மொத்தக் குடும்பத்துக்கும் உடை வந்து நின்றது. சோதித்துப் பார்க்க எங்கள் குடும்பத்தின் இந்த வருஷ நிறத்தையே போட்டாள். மயில் பச்சை. தீபாவளி காலைவரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று சித்தி கட்டிக் காத்த ரகசியம் அது. வேலை முடிந்த குஷியில் இந்தப் பெண் அதை நீக்காமலே வெளியிட்டுவிட்டாள். யார் திறந்தாலும் மயில் பச்சைதான் முதலில் நின்றது. நம் ஜனம் அதை எதற்கு மாற்றப் போகிறது?

தீபாவளியன்று புக்கிட் மேராவில் மாமா வீட்டுக்குப் போனோம். லிஃப்ட் வாசலில் ஒரு குடும்பம், மயில் பச்சையில். கதவு திறந்தால் உள்ளே இன்னொன்று. சித்திக்கு முகம் கடுகடுத்தது. "வாங்க, படியில போலாம்" என்று பக்கத்தில் நின்ற மயில் பச்சை ஜிப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் உங்க வீட்டுக்காரர் இல்லீங்க" என்றார் இழுபட்டவர், பாவம். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அந்த நேரம் பார்த்து அழகேசன் போன் செய்தார். "ஸ்டாக் சுத்தமா காலிம்மா. இனிமே நீ பெர்மனென்ட்."

நிரஞ்சனா அங்கேயே குதித்தாள். நானும் குதித்தேன். ஏன் என்று சித்தியிடம் சொல்லித்தானே ஆகவேண்டும்? மயில் பச்சையை நீக்காமல் விட்டதையும் சேர்த்தே சொன்னாள்.

சித்தி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "வேலை நிலைச்சுதுல்ல, சந்தோஷம். ஆனா அடுத்த வருஷம் நம்ம கலர் என்னன்னு உன்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்."