எறிபந்து மைதானமும் வாய் திறக்காத வியாபாரிகளும்

எங்கள் மைதானத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு வந்த கோபத்தில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. போடியில் எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் ஓடியாட இருக்கிற ஒரே இடம் அது. சர்க்கரை வந்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்து நடந்து சலித்துப்போய், நாங்கள் சில பேர் வலையைக் கட்டி எறிபந்து ஆடத் தொடங்கினோம். அந்தச் சாயங்கால நேரத்தில் நான் யாருக்கும் மருமகளும் இல்லை, மனைவியும் இல்லை. அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

என் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி. வீட்டில் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். "மைதானத்துல ஒரு செங்கல்ல வைக்கட்டும் பாப்போம்!" என்று குதித்தார். டீக்கடையில் மற்ற வியாபாரிகளும் அப்படித்தான் குதித்தார்களாம். சரி, கூட்டத்தில் கிழிகிழியென்று கிழித்துவிடுவார்கள் என்று நம்பிப் போனேன்.

கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அதிகாரி வரைபடத்தைக் காட்டிவிட்டு, "ஆட்சேபணை இருக்கிறவங்க சொல்லலாம்" என்றார். முன்வரிசை முழுக்க வியாபாரிகள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. முகத்தில் ஒரு அசைவு கிடையாது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஏலக்கூடத்தில் சாம்பிள் காய் கைக்கு வரும்போது இவர்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். பிடித்திருக்கிறது என்று முகத்தில் தெரிந்தால் பக்கத்து ஆள் விலையை ஏற்றிவிடுவான். அதனால் நாலு பேர் முன்னால் மனதில் உள்ளதைக் காட்டுகிற பழக்கமே இவர்களுக்கு இல்லை. இப்போது கம்ப்யூட்டர் ஏலம், பட்டனை அமுக்கினால் போதும். எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் கட்டைவிரல் நாற்காலிக் கையை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. பாவி மனுஷன், ஆட்சேபிக்கிறாராம்!

"அப்ப ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கலாமா?" என்றபடி அதிகாரி எழுந்தார்.

"இருங்க சார்!" நானும் எழுந்துவிட்டேன். "இவுக எல்லாருக்கும் ஆட்சேபணை இருக்கு. ஏலத்துல உக்காந்திருக்கதா நெனப்பு. நான் சொல்றேன், எழுதிக்கங்க. அந்த மைதானத்த நாங்க விட மாட்டோம்."

மண்டபமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "இந்த வீடு யாருக்குன்னு தெரியுமாம்மா? மலையில வேலை ஓஞ்சு இறங்கி வர்றவங்களுக்கு. அவங்கள எங்க வைக்கட்டும்? நீங்களே ஒரு இடம் சொல்லுங்க."

என் பக்கத்தில் இருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் கடையில் காயைத் தரம் பிரிப்பவர், எறிபந்தில் என் கட்சி. எஸ்டேட் வேலை முடிந்ததும், அங்கே குடியிருக்கக் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இறங்கியவர். இன்றைக்கும் மழை பெய்தால் ஒழுகுகிற வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.

"வீடு வேணும்தான் ஆத்தா," என்று மெல்லச் சொன்னார். "பந்தும் வேணும்."

இடம் எனக்குத் தெரியும். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எங்கள் குடோன்களுக்குப் பின்னால் மைதானத்தைவிடப் பெரிய புறம்போக்கு நிலம் கிடக்கிறது. எங்கள் லாரிகளும் ஜீப்புகளும் காலங்காலமாக நிற்கிற இடம். அது போனால் லோடு ஏற்றி இறக்க நாங்கள் தெருத்தெருவாக அலைய வேண்டும்.

"குடோனுக்குப் பின்னாடி எங்க வண்டிக நிக்கிற எடம் இருக்கே சார்," என்றேன். "அதுல கட்டுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அமுக்கிக்கொண்டிருந்த அந்தக் கையை எடுத்து, எல்லாரும் பார்க்க உயரத் தூக்கினார். "எழுதிக்கங்க சார். வண்டிய நாங்க எடுத்துக்கிறோம்." அவரைத் தொடர்ந்து முன்வரிசையில் ஒவ்வொரு கையாக எழும்பியது.

குடோனுக்குப் பின்னால் இப்போது அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. எங்கள் லாரி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சாயங்காலம் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாமல் திணறும்போதெல்லாம் அவர், "வெல ரொம்பக் கூடிப்போச்சு" என்று முணுமுணுப்பார்.

"சரக்கு அப்படி" என்று சொல்லிவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு நான் கிளம்பிவிடுவேன். மைதானத்தில் அக்கா காத்துக்கொண்டிருப்பார்.