பயனாளி: ஒருவர்

கல்லூரி வாத்தியார் வேலையில் பாதி நேரம் பாடம் நடத்துவது, மீதி நேரம் நடத்தினோம் என்பதற்குப் படிவம் நிரப்புவது. நான் திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பதினோரு வருஷமாக எந்த நிதியும் கேட்காமல் நிம்மதியாக இருந்தவள். ஆசிரியர்களின் புதுமை முயற்சிகளுக்குக் கல்லூரியே நிதி தரும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த நிம்மதி போனது. இதைப் படிக்கிற சக ஆசிரியர்களே, உங்களுக்கும் இப்படி நிம்மதி போயிருக்கும். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

தாண்டிய சொட்டு

இரண்டாம் ஆண்டு லேப். கண்ணாடிக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விட்டு, குடுவையில் மெல்லிய இளஞ்சிவப்பு தெரிகிற அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். அதற்குப் பெயர் டைட்ரேஷன். கோகுல் என்று ஒரு மாணவன், கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவன். எழுத்துத் தேர்வில் முதல் மூன்று பேரில் இருப்பான். அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கரைசல் கொடுத்திருந்தேன். அவனுடைய குடுவை மூன்று தடவையும் பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது. "கண்ணை எங்க வெச்சிருக்க?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். லேபே சிரித்தது.

எல்லாரும் போன பிறகு அவன் மட்டும் நின்றான். "லேசான சிவப்பு எனக்குத் தெரியாது மேடம். தண்ணி மாதிரிதான் இருக்கும். பக்கத்துல இருக்கறவன் எப்ப நிறுத்தறான்னு பாத்து நிறுத்துவேன். இன்னிக்கு எல்லாருக்கும் வேற வேற குடுத்துட்டீங்க" என்றான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒன்றரை வருஷமாக என் கண் முன்னால் ஒருவன் இப்படி ஓட்டியிருக்கிறான், நான் கவனிக்கவில்லை. இந்த வருஷச் செய்முறைத் தேர்விலும் ஆளுக்கொரு கரைசல்தான். செய்யாறு பக்கம் ஏதாவது கம்பெனி லேபில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டான், நானும் வாக்குக் கொடுத்தேன். கதவு வரை போனவன் திரும்பிக் கேட்டான்: "டி.சி.ல எழுதிடுவாங்களா மேடம்?"

ஒரே ஒரு கட்டம்

கண்ணுக்குத் தெரியாததைக் காதுக்குக் கேட்க வைத்தால் என்ன என்று தோன்றியது. இயற்பியல் லேபில் உதவியாளராக இருக்கும் ஏழுமலை அண்ணனிடம் போய்க் கேட்டேன். குடுவைக்கு ஒரு பக்கம் பச்சை விளக்கு, மறுபக்கம் வெளிச்சத்தை அளக்கும் சின்ன சென்சார். கரைசல் சிவந்தால் வெளிச்சம் குறையும், உடனே பீப் சத்தம் வரும். பழைய எமர்ஜென்சி விளக்கைப் பிரித்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அவர் ஒரு மாதிரிக் கருவி செய்தும் கொடுத்துவிட்டார். எல்லாரும் போன பிறகு கோகுல் லேபில் அதை வைத்துப் பழகினான். ஆனால் தேர்வில் வைக்க வேண்டுமானால் கல்லூரி ஒப்புக்கொண்ட கருவியாக இருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் புதுமை நிதிதான்.

படிவத்தில் பதினேழு கட்டங்கள். பதினாறை நிரப்பிவிட்டேன். "பயனாளிகள் எண்ணிக்கை" என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. கடைசியில் "ஒருவர்" என்று எழுதித் துறைத் தலைவரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். நல்ல மனிதர், எனக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் சொன்னார். கணினித் துறை மேடம் ஆயிரத்து இருநூறு பேர் என்று போட்டிருக்கிறாராம். இருப்பது ஒருவன்தானே சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணுன்னு போட்டா ரொம்ப கம்மியா தெரியும் மேடம், பக்கத்துல ரெண்டு சைபர் போடுங்க, யாரு வந்து எண்ணப் போறாங்க?"

ஆதார் வரிசை

சைபர் போடவில்லை. யோசித்து யோசித்துக் கடைசி நாள் வரை இழுத்துவிட்டேன். அந்தக் கடைசி நாள் பௌர்ணமியில் வந்து விழுந்தது. ஐந்து பிரதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, நாலு மணிக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. வேங்கிக்காலில் இருந்து வெயிலில் நடந்தே போனேன்.

ஜெராக்ஸ் கடையில் எனக்கு முன்னால் இருபது பேர். எல்லாரும் வெளியூர்க்காரர்கள், லாட்ஜில் ரூம் போட ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள். கடைக்காரர் "பத்து நிமிஷம் மேடம்" என்று மூன்று தடவை சொன்னார். மணி மூன்று ஐந்து. மூன்று இருபது. மிஷினில் பேப்பர் சிக்கியது. எனக்கு முன்னால் நின்ற ஆந்திராக்கார அம்மா நான் நிமிஷத்துக்கொரு தடவை போனைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன பேப்பர் என்று கேட்டார். ஒரு மாணவனுக்காக என்று சொன்னேன். தன் குடும்பத்தார் ஆறு பேரையும் ஓரமாக இழுத்து நிறுத்திவிட்டு, தெரிந்த தமிழில் சொன்னார்: "நீங்க முன்ன போங்கம்மா, எங்களுக்கு மலை சுத்த ராத்திரி முழுக்க இருக்கு."

விளக்கை அணைத்தால்

நேர்காணல் கருத்தரங்கக் கூடத்தில் நடந்தது. முதல்வர், செயலாளர், இயற்பியல் மூத்த பேராசிரியர் மூவரும் முன்வரிசையில். எனக்கு முன்னால் போனவர் வண்ண வண்ணமாகப் படம் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தார். நான் டப்பாவை மேசையில் வைத்தேன். படம் தெரிவதற்காக யாரோ விளக்கை அணைத்தார்கள். டப்பா அலற ஆரம்பித்தது. எங்கள் லேப் வெளிச்சத்துக்குத்தான் அதைச் சரிசெய்து வைத்திருந்தோம். இருட்டானால் கரைசல் சிவந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். இது எனக்குத் தோன்றவே இல்லை. "விளக்கைப் போடுங்க, படம் வேணாம்" என்றேன். மூன்று நாள் உட்கார்ந்து செய்த படங்கள் அதோடு போயின.

வெளிச்சம் வந்ததும் டப்பா அமைதியானது. கையாலேயே செய்து காட்டினேன். சொட்டு. சொட்டு. குடுவையில் இளஞ்சிவப்பு தொட்ட அதே நொடி "பீப்". முதல்வர் முன்னால் குனிந்து பார்த்தார். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் கேட்டார்: "யாரு அந்தப் பையன்? பேரு, பதிவு எண் எதுவும் இல்லையே?" சொல்ல முடியாது சார், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "நாளைக்கு ஆய்வுக்கு வர்றவங்க கேட்டா நான் யாரைக் காட்டுவேன்?" என்றார். அவர் கேட்பதும் நியாயம்தான். இயற்பியல் பேராசிரியர் விண்ணப்பத்தை மூடி வைத்தார்: "பொட்டி நல்லா வேலை செய்யுது, ஆனா ஆளே இல்லாத விண்ணப்பமா இருக்கே மேடம்."

அறிவிப்புப் பலகை

பட்டியல் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே, "பயனாளி விவரம் இணைக்கப்படவில்லை. நிலுவை." தேர்வுக்கு மூன்று வாரம். கோகுலைக் கூப்பிட்டு, பெயரைச் சொல்லிவிடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கலாம்தான். ஆனால் நான் கேட்டால் அவன் மறுக்க மாட்டான், மறுக்க முடியாதவனிடம் கேட்பது எப்படி? அந்த வாரம் அவனைக் கூப்பிடவே இல்லை. வகுப்பில் அவன் முகத்தைப் பார்க்காமலே பாடம் நடத்தினேன்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது மணி நேரத்தில் முதல்வர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. விண்ணப்பத்தைத் திருப்பித் தரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே கோகுல் நின்றிருந்தான். அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு, அந்த ஒருவன் நான்தான் என்று கைப்பட ஒரு கடிதம் எழுதிக்கொண்டு அவனே வந்திருக்கிறான். முதல்வர் என்னைப் பார்த்து, "நீங்க அனுப்பினீங்களா?" என்றார். இல்லை சார் என்றேன். அவர் கடிதத்தை மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். தேர்வில் கருவியைப் பயன்படுத்த அனுமதி என்று கீழே தானாகவே ஒரு வரி சேர்த்தார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் கோகுல் என் பக்கம் திரும்பினான். சிரித்தபடி சொன்னான்: "டி.சி.ல எழுதுவாங்களான்னு அவரையே கேட்டுட்டேன் மேடம், சிரிச்சிட்டாரு."

வெளியிலிருந்து வந்தவர்

செய்முறைத் தேர்வுக்கு வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளர் வருவார். வந்தவர் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். உள்ளே நுழைந்ததும் கோகுல் மேசையில் இருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டார். "எலெக்ட்ரானிக் சாமானெல்லாம் ஹாலுக்குள்ள எப்படி வந்தது?" கோகுல் குழாயைப் பிடித்தபடி சிலையாக நின்றான். நான் முதல்வர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தை நீட்டினேன். முழுசாகப் படித்தார். நம்பவில்லை. தானே ஒரு குடுவையை எடுத்து, சொட்டு விட்டு, டப்பாவைச் சோதித்தார். பீப். இன்னொரு தடவை. பீப். டப்பாவைக் கோகுல் பக்கம் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அடுத்த நாற்பது நிமிஷம் நான் ஜன்னல் பக்கம் நின்று மற்றவர்களை மேற்பார்வை பார்ப்பது போல நடித்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் அந்த மேசையில் இருந்தது. முதல் பீப். பதினைந்து நிமிஷம் கழித்து இரண்டாவது. மூன்றாவது வந்தபோது கோகுல் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, அளவைக் குறித்துக்கொண்டிருந்தான். மூன்று அளவும் பிசகில்லாமல் ஒன்றாக இருந்தன. தேர்வாளர் விடைத்தாளில் மதிப்பெண் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பசங்க பக்கத்துல பாத்து எழுதறதையே இத்தனை வருஷமா திருத்தறேன் மேடம், இந்தப் பையன் சொந்தமா எடுத்திருக்கான்."

கோகுல் தேறிவிட்டான், எனக்கோ இப்போது நிறைவு அறிக்கைப் படிவம் வந்திருக்கிறது. அதில் "முயற்சியின்போது ஏற்பட்ட இடர்ப்பாடுகள்" என்ற கேள்விக்கு ஒரே ஒரு வரி இடம் விட்டிருப்பதைப் பார்த்தால், படிவம் தயாரித்தவர் வாழ்க்கையில் எந்த நிதிக்கும் விண்ணப்பித்ததில்லை என்று தெரிகிறது.