போகாத போட்டிக்குப் பொன்னாடை

எனக்குப் பொன்னாடை போர்த்தியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். மொன்றியலில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நான் செய்த எதற்காகவும் அல்ல. கொழும்பில் நடந்த ஒரு சர்வதேச இசைப் போட்டிக்கு நான் போகவில்லையாம், அதற்காக. நினைத்தாலும் என்னால் போயிருக்க முடியாது என்பதுதான் உண்மை. அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது.

நான் மட்டக்களப்பான். ஊரில் கோவில் கச்சேரிகளுக்கு மிருதங்கம் வாசித்தவன். கொழும்பில் தமிழரை எரித்த கலவரத்துக்குப் பிந்திய வருசங்களில் மொன்றியலுக்கு வந்து, அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு, டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என்னோடு அறையில் இருந்தவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணம். நல்ல பெடியன்கள்தான். ஆனால் நான் சமைக்கிற நாட்களில், மட்டக்களப்பானுடைய சோற்றைச் சாப்பிட்டால் பாயோடு ஒட்டிப்போவோம், ஊர் திரும்பமாட்டோம், மந்திரம் போட்டிருப்பான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் ஊரைப் பற்றி அவர்களிடம் இருந்தது அந்த ஒரு பகிடிதான். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துச் சிரித்து உள்ளே புளித்துப்போயிருந்தது.

மொன்றியலில் என்னை மனிசனாக மதித்து நடத்திய வீடு பக்கத்து லவாலில் இருந்தது. அங்கே ஓர் அக்கா. சொந்த அக்கா இல்லை; கோவில் பூசை ஒன்றில் பாடினவரைத் தேடிப்போய் நான் பழகிக்கொண்டது. கலவரத்துக்கு முன்பே கல்யாணம் முடித்து வந்து, கனடாக் குடியுரிமையும் எடுத்துவிட்டவர். நல்ல வாய்ப்பாட்டுக்காரர். புருசன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், சென்னையிலிருந்து வாங்கி வந்த மிருதங்கம் ஒன்று அந்த வீட்டில் சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோவில் கடைசி ஸ்டேசன் வரைக்கும் போய், பஸ் ஏறி, அந்த மிருதங்கத்துக்காகவும் அக்கா வைக்கிற மீன்குழம்புக்காகவும் நான் போவேன். குளிர்காலத்தில் ஹீட்டர் சூட்டுக்கு, நாதத்துக்காக மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் பூசுகிற ரவை பாதிப் பாட்டிலேயே காய்ந்து உதிர்ந்துவிடும். அக்கா பாட்டை நிறுத்திவிட்டு, நான் ரவையை மறுபடி பிசைந்து பூசும்வரைக்கும் பொறுமையாகக் காத்திருப்பார்.

பக்கவாத்தியக்காரனுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பாடுகிறவர் முதலில் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் கை மிருதங்கத்தில் விழ வேண்டும். பாட்டு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் பின்னால் போக வேண்டியவன் அவன். இந்த ஒழுங்கை எத்தனை கச்சேரியில் கடைப்பிடித்தவன் நான்!

ஒருநாள் அக்கா ஒரு சேதி சொன்னார். ஆசிய இசைக்கென்று ஒரு சர்வதேசப் போட்டி, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நாட்டில் நடப்பது, அந்த முறை கொழும்பில் நடக்கப்போகிறது. கனடாவிலிருந்து அக்கா பாடி அனுப்பிய ஒலிப்பதிவைத் தெரிவு செய்திருக்கிறார்கள். அதில் வாசித்தவன் என்பதால் எனக்கும் அழைப்பு. என் அழைப்பை நாங்கள் மூவரும் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டோம். என்னுடைய பாஸ்போர்ட் குடிவரவுக்காரரிடம் கிடந்தது. அது கையில் இருந்தாலும், உயிருக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று எழுதிக்கொடுத்த நாட்டுக்கே விருந்தாளியாக எப்படிப் போவது? அங்கே வேறு மிருதங்கம் ஏற்பாடு செய்வார்கள் என்று முடிவாயிற்று.

அக்காவுக்கோ அது பகிடி இல்லை. அவருடைய அம்மா வெள்ளவத்தையில் பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். மகள் பாடிக் கேட்டு எத்தனையோ வருசம். தமிழர் ஒருவர் கொழும்பில் போய் இறங்கவே பயப்படுகிற காலம் அது. அண்ணை ஒரே பிடியாக விடமாட்டேன் என்று நின்றவர். கனடாக் குழுவோடு, அழைக்கப்பட்ட விருந்தாளியாகப் போனால் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் கடைசியில் இறங்கிவந்தார். அம்மாவைப் பார்க்க அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். தொலைபேசியில் அம்மாவுக்குச் சொல்லியும் விட்டார். அம்மா, தான் வந்து கேட்க முடியாவிட்டாலும் ரேடியோவில் போடுவார்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் ரேடியோவை வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றாராம்.

பிறகுதான் புறக்கணிப்பு அழைப்பு வந்தது. தமிழ்க்கடைகளின் கண்ணாடிகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் சனத்தை எரித்த மண்ணில் மேடை போட்டு, உலகத்துக்கு நல்ல பிள்ளை வேசம் காட்டப் பார்க்கிறார்கள். அந்த மேடையில் எந்தத் தமிழ்க் கலைஞரும் ஏறக்கூடாது. சொன்னது சரிதான். இன்றைக்கும் சரியென்றுதான் நினைக்கிறேன். என் வெட்கம் அதில் இல்லை.

அந்தப் புறக்கணிப்புக்கான கூட்டம் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனது அக்காதான். வழியில் தன் எண்ணத்தைச் சொன்னார்.

"தம்பி, நான் எழும்பி அம்மாவைப் பற்றிச் சொல்லப்போறன். பரிசு ஒண்டும் எனக்கு வேண்டாம், அவவைப் பாத்திட்டு வந்திடுறன் எண்டு சொல்லுவன். எங்கடை சனம்தானே, விளங்கிக்கொள்ளுவினம்."

ஓம் அக்கா, கட்டாயம் விளங்குவார்கள் என்று நானும் சொன்னேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. சுற்றிப் பார்த்தால், அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போல அகதி வழக்கு முடியாதவர்கள். கொழும்புக்கு என்ன, நயாகராவின் அமெரிக்கப் பக்கத்துக்குக்கூடப் போக முடியாதவர்கள். அத்தனை பேரும் கொழும்புக்குப் போவதில்லை என்று கையை உயர்த்திச் சபதம் எடுத்தோம். அதில் இருந்த வேடிக்கை அப்போது யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

பேசியவர் கெட்டிக்காரர். போட்டிக்கு அழைக்கப்பட்ட இருவர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள் என்றார். அக்காவின் பெயரைச் சொன்னார். பிறகு என் பெயரைச் சொல்லி, கிழக்கு மண் தந்த கலைஞன் என்றார். எல்லாத் தலைகளும் திரும்பின. அறைப் பெடியன்களும் முன்வரிசையில் இருந்தார்கள். அந்த ஊரில் என் மண்ணைப் பகிடி இல்லாமல் ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைகால் தெரியாமல் போயிற்று.

அக்கா கைப்பையை மடியிலிருந்து கீழே வைத்துவிட்டு எழும்பத் தொடங்கினார். அதற்குள் நான் எழும்பிவிட்டேன்.

"என்ர சனம் செத்த இடத்தில நான் வாசிக்க மாட்டன். நான் போகல்ல" என்றேன்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். விசில்கூட அடித்தார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். நிற்கத் தேவையே இல்லை; ஆனாலும் நின்றேன். தட்டி முடிந்ததும் எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். பாதி எழும்பினவர் மறுபடி இருந்துவிட்டார். பேசியவர் மேடையிலிருந்தே, அப்போ நீங்கள், அம்மா? என்று அக்காவை மரியாதையாகக் கேட்டார்.

"தம்பியே போகேல்லையெண்டால் நான் எப்பிடிப் போறது" என்றார் அக்கா. அம்மாவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதற்கும் தட்டினார்கள், கொஞ்சமாக.

திரும்பி வரும்போது காரில் அவர் என்னைக் குறைசொல்லவில்லை. வாயைத் திறந்து ஏசியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். மழை வந்தால் பாதை வழுக்கும் என்பதுபோல ஏதோ கதைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணைதான் கதவைத் திறந்தார். மீன்குழம்பு இருந்தது. நான் சாப்பிட்டேன். கைதட்டல் காதில் இருந்ததால் அதைக்கூட ருசித்துத்தான் சாப்பிட்டேன். வெட்கம் எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

போட்டி நாங்கள் இருவரும் இல்லாமல் நடந்து முடிந்தது. அதற்குப் பிறகுதான் அந்தத் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் கலைவிழா. போட்டியை உதறித்தள்ளிய கலைஞனுக்குக் கௌரவம் என்று எனக்குப் பொன்னாடை வைத்திருந்தார்கள். அக்காவுக்கு இல்லை. முதலில் எழும்பினவன் நான்தானே. விழாவைத் தொடங்கக் கடவுள் வணக்கம் பாட மட்டும் அவரைக் கேட்டிருந்தார்கள். அவர் பாடினார், நான் வாசித்தேன். பாடும்போது அவருடைய குரலில் ஒரு குறையும் இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுப் போர்த்தினார்கள். ஜரிகை கழுத்தில் குத்தியது. கீழே முதல் வரிசையில் அக்கா தட்டிக்கொண்டிருந்தார். யாராவது என்னைப் பிடித்துக் கொண்டுபோய் மிருதங்கத்துக்குள் ஒளித்துவைத்தால் ஒளிந்துவிடுவேன் போல இருந்தது. பொன்னாடையை எடுத்து அக்காவுக்குப் போர்த்து என்று உள்ளே ஒரு குரல் சொல்லிற்று. மேடையில் அதைச் செய்கிற துணிவு எனக்கு இல்லை. அன்றைக்குக் கூட்டத்தில் எங்கிருந்தோ வந்த துணிவு, தேவைப்பட்ட நேரம் வரவில்லை.

விழா முடிந்ததும் அக்காவே என்னைக் காரில் கொண்டுபோய் விட்டார். பின் இருக்கையில் மிருதங்கம். பொன்னாடையைச் சுருட்டிக் கோட்டுக்குள் திணித்துப் பார்த்தேன். அது வெளியே வந்துகொண்டே இருந்தது. டெக்காரி வீதியில் வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. போகவில்லை என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

சொல்ல நினைத்துத்தான் தொலைபேசியில் கோல் எடுத்தாராம். அம்மா முந்திவிட்டாராம். போட்டி நடந்த நாட்களில் அம்மா ரேடியோவை அணைக்கவே விடவில்லை. மருந்து மயக்கத்தில் பாதி நித்திரை, பாதி விழிப்பு. பாடுகிறவர்களின் பெயர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. யாரோ ஒரு பெண் காம்போதி ராகம் பாடியிருக்கிறாள். அக்கா போட்டிக்கென்று பழகிக்கொண்டிருந்ததும் காம்போதி. அம்மா அதை மகள் என்றே எண்ணிக் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரை எல்லாம் கூப்பிட்டு இருத்திக் கேட்க வைத்திருக்கிறார். பாடி முடித்துவிட்டு வீட்டுக்கு வருவாள் என்று வாசல் கதவைப் பூட்டவும் விடவில்லையாம்.

"நல்லாப் பாடினனாம். ஏன் பிள்ளை வீட்டை வராமல் போனனி எண்டு கேட்டவ. அவங்கள் விடேல்லை அம்மா எண்டு சொன்னன்."

முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. அக்கா கியரை மாற்றினார். அவர் சிரிக்கவும் இல்லை, என்னைக் குத்திக் காட்டவும் இல்லை. தாய் சொன்னதை மிச்சம் வைக்காமல் சொன்னார், அவ்வளவுதான்.

"மிருதங்கம்தான் கொஞ்சம் முந்திப் போச்சாம், தம்பி."