நான் வெட்டிய இரண்டு வரி

"இது புதிய பட்டியலைத் தராது, ஏற்கெனவே இருக்கும் அதே பட்டியலையே காட்டும். இங்கே ஒரு பெயரை நீக்கினால் அங்கேயும் நீங்கிவிடும்." அக்கா தட்டச்சு செய்திருந்த இந்த இரண்டு வரியும் எனக்கு இன்னும் மனப்பாடம். இராமநாதபுரத்தில் நான் முதன்முதலாக வேலை பார்த்த சிறிய கணினி அலுவலகத்தில், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவருக்கு, நாங்கள் எழுதும் நிரல்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது வேலை. திருப்புல்லாணியிலிருந்து பஸ்ஸில் வருவார். இராமேசுவரத்துப் படகுச் சங்கம் ஒன்றுக்காக, எந்தப் படகில் யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்று பதிந்து வைக்கும் நிரலை நான் எழுதியிருந்தேன். அதில் பட்டியலை எடுத்துத் தரும் பகுதிக்கான குறிப்புதான் அந்த இரண்டு வரி.

'பட்டியலைத் தரும்' என்றால் போதாதா? மீதியை வெட்டிவிட்டேன். "ஏம்ப்பா, ரெண்டு வரிய மிச்சம் புடிச்சு என்ன கோட்டையா கட்டப் போற?" என்றார் அக்கா. பெரிய மேதாவி மாதிரி எதையோ பேசி அவர் வாயை அடைத்தேன். இப்போது மதுரையில், தருவது நகலா, அதே பட்டியல்தானா என்று எழுதாமல் ஒரு குறிப்பையும் நான் விடுவதில்லை. கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அன்று நான் வெட்டிய குறிப்பை நம்பிய அலுவலகத்து நிரலாளர் இன்னொருவர், கிடைப்பது நகல்தான் என்று நினைத்து, அடுத்த பயணத்துக்குப் பெயர்களைத் திருத்தும் திரைப் பக்கத்தைச் செய்துவிட்டார். ஒருநாள் படகுகள் கடலில் இருக்கும்போதே, தங்கச்சி கல்யாணத்துக்காக அடுத்த தடவை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அன்று கடலுக்குப் போயிருந்த ஒருவரின் பெயரைச் சங்கத்து எழுத்தர் அந்தப் பக்கத்தில் நீக்கினார். அன்றைய பட்டியலிலிருந்தும் அது போய்விட்டது.

மதியம் காற்று வலுத்தது. யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்று பார்க்கக் கரையில் பெயர்களை வாசித்தார்கள். "ஒங்க வீட்டுக்காரரு படகுல ஏறவே இல்லம்மா" என்று பெயர் நீங்கியவரின் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள். "சோறு கட்டிக் குடுத்ததே நாந்தான்யா!" என்று அந்தம்மா கதறியிருக்கிறார். போன் வந்ததும் அக்காவும் நானும் பஸ் ஏறினோம். பாம்பன் பாலத்தைத் தாண்டும்வரை கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

சாயங்காலம் படகு வந்தது. மனிதர் நனைந்துபோய் இறங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே அந்தம்மா எங்கள் பக்கம் திரும்பினார்.

"எம்புருசன் பேர அழிச்சது யாரு?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"நாந்தேன் தாயி" என்றார் அக்கா.

அந்தம்மா ஏசித் தீர்த்தார். ஒரு வார்த்தை விடாமல் அக்கா கேட்டுக்கொண்டார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.