நாற்பதில் ஓடும் நெடுஞ்சாலை

பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் யாரோ மயிரைப் பொசுக்கியதுபோல ஒரு நாற்றம். நேற்றுக் காலை மரைன் ஹில் ஏற்றத்தில், எனக்கு முன்னால் திணறிக்கொண்டிருந்த ஒரு வண்டியிலிருந்து வந்தது. ஓட்டியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தன் வண்டியின் நாற்றம் அல்ல என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன் ஒரு காலத்தில். வழியில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று மூன்று வாரம் அந்த யாரோவைத் திட்டிக்கொண்டிருந்தேன். எரிந்தது எங்கள் வண்டி. அதன் வயிற்றுக்குள் சேர்ந்திருந்த கரி.

டிபிஎஃப் என்பார்கள். டீசல் புகையில் இருக்கும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வடிகட்டிப் பெட்டி. நிறைந்தால் வண்டி தானே அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும், நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம் என்று ஷோரூமில் சொன்னார்கள். எரிப்பதற்கு வண்டி இருபது நிமிடமாவது நிற்காமல் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. போர்ட் பிளேயரில் இருபது நிமிடம் அறுபதில் ஓடினால் கடலுக்குள்தான் போய் நிற்க வேண்டும். ஷோரூமுக்கு இது தெரியாததல்ல. அதுவும் இதே ஊரில்தான் இருக்கிறது. அதன் கண்ணாடிக் கதவிலும் உப்பு படிகிறது. விற்கும் நாளில் இந்தத் தீவு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. விற்ற மறுநாளிலிருந்து மறந்துபோயிற்று.

என் மனைவி இட்லி மாவு அரைத்து விற்கிறவள். ஷாதிபூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கக் கிரைண்டர்கள். எங்கள் ஊரில் ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். அந்த வெளிச்சத்தோடு டிரம்களை ஏற்றுவோம். நான்கு டிரம் ஜெட்டிக்கு, முதல் படகில் ஹேவ்லாக் தீவுக்குப் போக. அங்கே இரண்டு ரிசார்ட்டுகளின் காலை இட்லி அவள் கையில் இருந்தது. பிறகு பஜாரில் ஐந்து கடைகள், கடைசியாக மரைன் ஹில்லில் ஒரு கேண்டீன். மொத்தமும் ஒன்பது கிலோமீட்டர். ஏழு இடத்தில் நிறுத்தி, அணைத்து, மறுபடி முடுக்கி. ஓட்டுகிறவள் அவள். டிரம் மூடிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். சுற்று முடிந்ததும் என்னை என் அலுவலக வாசலில் உதிர்த்துவிட்டுப் போவாள். டீசல்தான் வேண்டும் என்று சொன்னவனும் நான்தான். ஏற்றத்துக்கு இழுவை வேண்டும் என்றேன், பெரிய புத்திசாலிபோல.

முதலில் ஒரு மஞ்சள் விளக்கு. ஒரு பெட்டி, அதற்குள் சில புள்ளிகள். பார்க்க அழகாகக்கூட இருக்கும், கோலப்பொடி சிந்தியதுபோல. அது எரிந்த சில நாளில் வண்டி தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மிதித்தாலும் போகாது, மெதுவாகப் போவேன், விருப்பமிருந்தால் வா என்கிற மாதிரி ஊரும். அப்படி ஊர்ந்த ஒரு காலையில் படகு போய்விட்டது. வெயில் ஏற ஏற நான்கு டிரம் மாவும் மூடியைத் தூக்கிக்கொண்டு ஜெட்டியின் சிமெண்டில் வழிந்தது. எதிரே ஒரு கப்பல் வானத்தையே மறைக்கிற அளவுக்குக் கரும்புகை விட்டுக்கொண்டு நின்றது. அதன் வயிற்றில் பெட்டி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்பது கிலோமீட்டர் ஓடுகிற எங்கள் வண்டிதான் உலகத்தின் காற்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ரிசார்ட்டிலிருந்து போன் வந்தது. இன்னும் ஒரு தடவை படகைத் தவறவிட்டால் சென்னையிலிருந்து பாக்கெட் மாவு வரவழைத்துக்கொள்வோம் என்றார்கள். மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள்.

சர்வீஸ் சென்டரின் மெக்கானிக் இங்கேயே பிறந்தவர். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். பேச்சில் பாதி இந்தி. கம்ப்யூட்டரை மாட்டி, வண்டியை நின்ற இடத்திலேயே உறுமவிட்டு, கரியை எரித்துத் தருவார். பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும். மூன்றாவது தடவை கையைத் துடைத்துக்கொண்டே என் மனைவியிடம் சொன்னார்.

“அக்கா, இனிமே இது எரிக்கிற கேஸ் இல்ல. டப்பாவே மாத்தணும்.”

“மாத்துப்பா. வாரண்டி இருக்குல்ல.”

“இருக்கு. லேகின் மெயின்லேண்ட்லேர்ந்து அப்ரூவல் வரணும். நம்ம ஹாத்ல என்ன இருக்கு, ஸ்பானர்தான் இருக்கு,” என்று கையை விரித்துக் காட்டினார்.

அந்த அப்ரூவலுக்காக நான் கம்பெனியின் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். மெயின்லேண்டின் ஏதோ ஒரு குளிர்ந்த அறையிலிருந்து ஒரு பெண் குரல் தமிழில் பேசியது. தேன் தடவிய அட்டைபோல ஒரு குரல். என் பிரச்சினையைத் திரும்ப எனக்கே சொல்லிக் காட்டினாள். அசௌகரியத்துக்கு வருந்தினாள். பிறகு மருந்து சொன்னாள்.

“ஹைவேல ஒரு அரை மணி நேரம் நல்லா ஓட்டுங்க சார். தானா கிளியர் ஆயிடும்.”

“இங்க ஹைவே இல்லம்மா. இது அந்தமான்.”

கீபோர்டு தட்டும் சத்தம். “இருக்கே சார். மேப்ல காட்டுதே. நேஷனல் ஹைவே, நம்பர் நாலு.”

உண்மைதான். வரைபடத்தில் எங்களுக்கும் ஒரு தேசிய நெடுஞ்சாலை உண்டு. நம்பரும் உண்டு. ஊரைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் ஜிர்காடாங் செக்போஸ்ட் வரும். அதற்கப்பால் பழங்குடிகளின் ரிசர்வ் வனம். குறித்த நேரத்துக்குத்தான் கேட் திறப்பார்கள். பஸ், லாரி, கார் எல்லாம் வரிசையாக நின்று, முன்னாலும் பின்னாலும் போலீஸ் வண்டியோடு ஒரே ஊர்வலமாகப் போக வேண்டும். நாற்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது, முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. சரியான சட்டம். காட்டில் வாழ்கிறவர்களின் வீட்டு நடுவே நாம் சக்கரம் உருட்டிப் போகிறோம். வாயை மூடிக்கொண்டு போவதுதான் முறை. அவளிடம் இவ்வளவும் சொல்லாமல் சுருக்கிச் சொன்னேன்.

“அதுல போலீஸ் கான்வாய்ல போகணும். நாப்பதைத் தாண்டக் கூடாது.”

“ஓகே சார். அப்போ டிராஃபிக் இல்லாத நேரமா பாத்துப் போங்க சார்.”

அந்த உரையாடல் முடிந்த விதத்தை அவர்கள் எப்படிப் பதிவு செய்தார்கள் என்பது நான்கு நாள் கழித்து வந்த மெயிலில் தெரிந்தது. பரிந்துரைத்த முறையில் வாடிக்கையாளர் வண்டியை ஓட்ட மறுத்தார். அடைப்புக்குக் காரணம், ஓட்டுநரின் தவறான ஓட்டும் முறை. எனவே வாரண்டி பொருந்தாது. கீழே, இந்தச் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஐந்து காலி நட்சத்திரங்கள்.

என் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை அவள். மழையில் ஏற்றத்தில், நூறு கிலோ மாவோடு, ஒரு சொட்டு சிந்தாமல் வண்டியை எடுக்கிறவள்.

“யாரு பாத்தாங்க நான் ஓட்டுறதை?” என்றாள்.

மறுநாளிலிருந்து கடைசி டிரம்மை இறக்கியதும் கம்பெனிக்குப் போன் போட்டு இதே கேள்வியைக் கேட்டாள். கோபமில்லை, குரல் உயரவில்லை. தினமும் அதே நேரம், அதே கேள்வி. நான் எழுதிய நீண்ட மெயில்கள், உவமைகள் நிறைந்தவை, எந்தக் குப்பையில் கிடக்கின்றனவோ. அவளுடைய நான்கு வார்த்தைதான் ஒரு ஆளை விமானத்தில் ஏற்றி அனுப்பியது.

வந்தவர் கம்பெனியின் எஞ்சினியர், சென்னைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை ஷூ போட்டிருந்தார். எங்கள் செம்மண் அவற்றை அன்று மதியத்துக்குள் கவனித்துக்கொண்டது. வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்றார். நெடுஞ்சாலை என்று அவர் சொன்னபோது மெக்கானிக் குனிந்து எதையோ தேடுவதுபோலச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

ஒன்பது மணி கான்வாய். அவள் ஓட்டினாள், எஞ்சினியர் மடியில் லேப்டாப்போடு பக்கத்தில், நான் வழக்கமான என் இடத்தில், பிடிக்க மூடி இல்லாமல். எங்களுக்கு முன்னால் ஒரு அரசு பஸ். கேட் திறந்ததும் எல்லாம் நகர்ந்தன. இரண்டு பக்கமும் பச்சை. ஒரு மரத்தின் மேல் ஒரு மரம், அதன் மேல் கொடி, அதன் மேல் மழையின் மிச்சம். அத்தனை அழகுக்கு நடுவே ஒரு மனிதர் திரையில் ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூடு ஏறுது மேடம். இன்னும் கொஞ்சம் ஸ்பீடு குடுங்க.”

“முப்பத்தெட்டுல போறேன்.”

“அறுபது குடுத்தா எரிய ஆரம்பிச்சிடும். அந்த பஸ்ஸை ஓவர்டேக் பண்ணுங்களேன்.”

“பண்ணா லைசென்ஸைப் புடுங்குவான். உங்க கம்பெனில புது லைசென்ஸ் தருவீங்களா தம்பி?”

அவர் திரைக்குத் திரும்பினார். எண் ஏறியது, நின்றது, இறங்கியது. எரியத் தொடங்கிய கரி பாதியில் அணைந்தது. அந்த நாற்றம் உள்ளே வந்தது. ஒரு மேட்டில் மஞ்சள் விளக்கு மின்னி, வண்டி வழக்கம்போலத் தன் பலத்தைக் கைவிட்டது. பஸ் எங்களை விட்டு விலகிப் போனது. பின்னால் லாரிகள் ஹாரன். கடைசியில் வந்த போலீஸ் ஜீப் எங்கள் பக்கத்தில் வந்து, உள்ளிருந்து ஒருவர் தலையை நீட்டினார்.

“மேடம், காடி ரோக்னா மனா ஹை.” நிறுத்தக் கூடாது என்கிறார்.

“ரோக் நஹி ரஹி ஹூன், பையா. இவ்ளோதான் போகும். கம்பெனி சாப் கூடவே இருக்கார், இவர்கிட்ட பூச்சோ,” என்றாள் அவள். நிறுத்தவில்லை, இவரையே கேளுங்கள் என்கிறாள்.

போலீஸ்காரர் எஞ்சினியரைப் பார்த்தார். எஞ்சினியர் லேப்டாப்பை மூடினார். காட்டின் மறுமுனைவரை நாங்கள் இருபத்தைந்தில் ஊர்ந்தோம், பின்னால் ஜீப்போடு, ஏதோ திருடிக்கொண்டு போகிறவர்கள்போல.

எல்லாம் கண்ணால் பார்த்தாயிற்று, இனி என்ன என்று நினைத்தேன். எனக்கு இந்த வயதிலும் அப்படியெல்லாம் நினைக்க வருகிறது. ஊர் திரும்பி சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்து அவர் ரிப்போர்ட் எழுதினார். காரணம் என்ற இடத்தில் அவரே எழுத முடியாது; ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கலப்பட டீசல். வெளி ஆள் கைவைத்தது. ஓட்டும் முறை. மூன்றே மூன்று. இந்தப் பட்டியலைச் செய்தவன் தீவு என்ற ஒன்றை மீன்தொட்டியில்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

“சார், லிஸ்ட்ல இல்லாததை நான் போட முடியாது,” என்றார். “ஆனா ஒண்ணு பண்றேன். ஓட்டும் முறைன்னு போட்டு, குட்வில்ல, வாரண்டி இல்லாமலே ஃப்ரீயா மாத்தித் தரச் சொல்லி எழுதறேன். மேடம் ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

தாளில் ஒரு வரி: அடைப்பு தமது ஓட்டும் முறையால் ஏற்பட்டது என வாடிக்கையாளர் ஒப்புக்கொள்கிறார். அதற்குக் கீழே கோடு.

“போட்டுடு,” என்றேன் நான். “படகு முக்கியம். பேப்பர்ல என்ன இருந்தா என்ன?”

அவள் என்னைப் பார்த்தாள். அத்தனை வாரமாகக் கம்பெனிக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த அருவருப்பு முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. அதை எனக்குக் கொடுத்தாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு ஏர்போர்ட்டில் தருகிறேன் என்று எஞ்சினியரிடம் சொன்னாள்.

வடிகட்டி கடைசியில் வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மாதம் கழித்துக் கப்பலில், ஒரு கடிதம்கூட இல்லாமல், காரணம் சொல்லாமல், ஒரு மரப்பெட்டியில். எந்தக் கையெழுத்துக்காக, யாருடைய பயத்துக்காக என்று இன்றுவரை தெரியாது. அதுவரை ஒரு ஆட்டோக்காரர் எங்கள் டிரம்களை ஜெட்டிக்குக் கொண்டுபோனார். ஒரு படகும் தவறவில்லை. புதியதும் நிறைந்துகொண்டுதான் இருக்கிறது. சாலை நீளவில்லையே.

ரிப்போர்ட் எழுதிய மறுநாள் காலைச் சுற்று முடிந்ததும் எஞ்சினியரை ஏர்போர்ட்டில் விட்டோம். வண்டி ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. அவர் இரண்டு முறை வாட்ச்சைப் பார்த்தார். வாசலில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். அவள் தாளைக் கொடுத்தாள். அச்சடித்த வரியைப் பேனாவால் நேராக அடித்திருந்தாள். அதன் கீழே தமிழில், அவளுடைய குண்டுகுண்டான எழுத்தில்: நான் ஒழுங்காகத்தான் ஓட்டினேன். ஓட இடம் இல்லாத ஊரில் இந்த வண்டியை விற்றது நீங்கள். அதற்குக் கீழே கையெழுத்து.

அவர் நின்று படித்தார். மறுபடி படித்தார்.

“மேடம், இதை எங்க ஆபீஸ்ல யாரும் படிக்க மாட்டாங்க.”

“நீங்க படிச்சீங்கல்ல,” என்றாள் அவள். “போங்க, செக்கிங்ல லைன் நிக்குது.”